கரியாலூர்ப் புள்ளி

"கவர்மெண்ட்டு கணக்குல எங்கூரு சாமை ஜாஸ்தியா வெளஞ்சிருக்குதாம். அந்தக் கணக்கையே குடுத்தாங்கன்னா ஒலையில போட்டுப் பொங்கிடலாம்."

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தது செந்தமிழ்ச்செல்வியின் காதில் விழுந்தது. சொன்னவள் கரியாலூர் ஆயம்மாள் என்பதும், நிவாரண அரிசி கேட்டு மனுக் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள் என்பதும் அந்தப் பேச்சிலிருந்தே தெரிந்தன. செல்வி தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். அந்தக் கணக்கைப் போட்ட புள்ளிவிவர அலுவலகத்தில்தான் அவளுக்கு வேலை.

கணக்குப் போட்ட விதம் மிகவும் எளிமையானது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த எண்பத்தேழாம் வருஷம் அது. சாலைகளில் மறியல்காரர்கள் வெட்டிப்போட்ட புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. அறுவடையை அளக்க யாராலும் மலைக்குப் போக முடியவில்லை. ஆகவே அலுவலகம் தீர ஆலோசித்து, போன வருஷத்து விளைச்சலோடு பத்து சதவீதத்தைக் கூட்டி, 'மதிப்பீடு' என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டது. கரியாலூரில் மழை பொய்த்த விஷயம் அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்கப்படவில்லை.

மரங்களை அகற்றியபின் செல்வி ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறி, வெள்ளிமலை, கரியாலூர் என்று ஊர் ஊராகக் கதிர் அறுத்து அளந்து வந்தாள். கரியாலூரில் மதிப்பீட்டில் கால்வாசிகூடத் தேறவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அலுவலகத் தலைவர் அன்புச்செல்வன் டெல்லியில் பயிற்சி முடித்துத் திரும்பினார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது சஃபாரி சூட்டோடும் 'நோயறி வரைபடம்' என்ற சொல்லோடும் வந்தார். வைத்தியன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல, மதிப்பீட்டின் நோயைக் காட்டும் படமாம் அது. மதிப்பீடு இடமிருந்து வலமாக, விளைச்சல் கீழிருந்து மேலாக, நடுவில் சாய்வாக ஒரு கோடு. மதிப்பீடும் விளைச்சலும் ஒத்துப்போன ஊரின் புள்ளி கோட்டின்மேல் விழும். சொன்னதைவிட அதிகம் விளைந்தால் மேலே, குறைந்தால் கீழே. கோட்டைவிட்டு எவ்வளவு தூரம் விலகுகிறதோ அவ்வளவு பெரிய தவறு.

உயர் அதிகாரி ஆய்வுக்கு வரப்போகிறார், இந்தப் படத்தைப் பார்த்துத்தான் எந்த ஊருக்கு நிவாரண அரிசி என்று கையெழுத்துப் போடுவார் என்று அறிவிக்கப்பட்டது. செல்விக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பென்சிலால் குறித்துப் பார்த்தாள். மற்ற ஊர்கள் கோட்டை ஒட்டி மொய்த்துக் கிடக்க, கரியாலூர் மட்டும் கீழே, வலது மூலையில் தனியாகக் கிடந்தது. குருடனுக்கும் தெரியும்.

வண்ணமில்லாத வரைபடம் ஊமை என்று டெல்லியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே செல்வி ஸ்கெட்ச் பேனா வாங்க ஜாபர் பாயின் பேன்சி கடைக்குப் போனாள்.

"இன்னா கலரும்மா? கட்சியச் சொல்லு, கலரத் தரேன்" என்றார் பாய். அந்த மாதம் கொடித்துணி வியாபாரம் அவருக்கு அமோகம். எல்லா வண்ணத்திலும் ஒவ்வொன்றாகக் கொடுத்து, மீதிக்குச் சில்லறை இல்லாமல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கிழித்து நீட்டினார். குங்குமத்தைக் கைவிட்டு ஸ்டிக்கருக்கு மாறாத பெண்ணை நாகரிகம் தெரியாதவள் என்று ஊரே முடிவுகட்டியிருந்த வருஷம் அது. செல்வி அதில் ஒரு அரக்குப் பொட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

அலுவலகத்தில் வண்ணத் தேர்வுக் குழு கூடியது. தலைவர், அன்புச்செல்வன். உறுப்பினர், தலைமை எழுத்தர் செல்லமுத்து. செல்லமுத்து முப்பது வருஷ சர்வீஸில் எதிலும் மாட்டிக்கொள்ளாதவர்.

சிவப்பு ஒரு கட்சி, பச்சை ஒரு கட்சி, மஞ்சளும் நீலமும் மறியல்காரர்கள் என்று அவர் ஒவ்வொரு பேனாவாக மூடி ஓரத்தில் வைத்தார். கறுப்பு? அரசாங்கம் தனக்குத்தானே கறுப்புக்கொடி காட்டிக்கொள்வதாகிவிடும். கடைசியில் ஊதா மிஞ்சியது.

"ஊதா எந்தக் கட்சியும் இல்லீங்களே" என்றாள் செல்வி, மெதுவாக.

"இன்னிக்கு இல்லம்மா. நாளைக்கு ஒருத்தன் ஆரம்பிச்சான்னா? ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நாம ஆதரவு குடுத்தோம்னு ஆயிடும்."

அன்புச்செல்வன் இந்தத் தொலைநோக்கைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார்.

அடுத்து, புள்ளிக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயர். பெயரைப் பார்த்தால் அந்த ஊரில் எந்த ஜனம் ஜாஸ்தி என்று எண்ணுவார்கள்; பெயர் வேண்டாம். எண் போடலாம் என்றால், ஒன்றாம் எண் யாருக்கு? அதற்குத்தானே ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்கள்? அகர வரிசை என்றாள் செல்வி. அப்படிச் செய்தால் கள்ளக்குறிச்சிக்காரன் முன்னால், சங்கராபுரத்துக்காரன் பின்னால் என்றாகும், நாளைக்கே சங்கராபுரத்தில் பஸ் ஓடாது என்றார் செல்லமுத்து. எனவே அடையாளங்கள் அனைத்தும் பொதுநலன் கருதி நீக்கப்பட்டன.

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தின் நடுவே விரலை வைத்தார்.

"சார், இது இன்னா?"

"கோடு."

"ஒரு கோட்டப் போட்டு, இவன் மேல, அவன் கீழன்னு கவர்மெண்ட்டே காட்டறதா? இந்த நேரத்துலயா?"

அன்புச்செல்வனின் முகம் வெளிறியது. டெல்லியில் இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோடு அன்றைக்கே ரப்பரால் அழிக்கப்பட்டது. தடம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்துச் சான்றளித்தார்கள்.

முடிவில் எல்லா மக்களுக்கும் பொதுவான ஒரே நிறம் வெள்ளைதான் என்று குழு ஒருமனதாகக் கண்டது. சார்ட் அட்டையும் வெள்ளைதான்.

"சார்" என்றாள் செல்வி. "அந்தக் கரியாலூர்ப் புள்ளி தெரியலைன்னா அவங்களுக்கு அரிசி வராதுங்க."

"புள்ளிய எடுத்துட்டோம்னு யாரும்மா சொன்னா? இருக்குது. வெள்ளையா இருக்குது" என்றார் அன்புச்செல்வன், அன்பாகவே.

செல்வி வெள்ளைப் பெயின்ட் தொட்டு, வெள்ளை அட்டையில், ஒரு புள்ளி விடாமல் வைத்தாள். செல்லமுத்து சரிபார்த்து, மிகத் தெளிவாக இருப்பதாகச் சொன்னார்.

உயர் அதிகாரி வந்தார். வரைபடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். தெரியவில்லை என்று சொல்ல அவருக்கும் பயம். தெரிந்திருக்க வேண்டியது ஏதோ தனக்குத் தெரியவில்லையோ என்ற சந்தேகம். "நல்ல நேர்த்தி" என்று சொல்லிவிட்டு அன்புச்செல்வனிடம் டெல்லி குளிர் எப்படி என்று விசாரிக்கத் திரும்பினார்.

நாலு பேர் முன்னால் பேசவே தயங்குகிற செல்விக்கு அப்போது என்ன தோன்றியதோ, நெற்றிப் பொட்டை எடுத்து, கீழே வலது மூலையில், கரியாலூர் இருந்த இடத்தில் ஒட்டிவிட்டாள்.

அதிகாரி திரும்பினார். அத்தனை வெள்ளையில் அரக்குப் பொட்டு ஒன்றுதான் கண்ணில் பட்டது.

"இது என்ன?"

செல்வி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் செல்லமுத்து இரண்டடி முன்னால் வந்துவிட்டார்.

"திருஷ்டிப் பொட்டுங்க சார். படம் ரொம்ப அழகா அமைஞ்சிட்டுது பாருங்க, கண்ணு பட்டுடக் கூடாதுன்னு."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. படத்தில் ஒன்றாவது அவருக்குப் புரிந்துவிட்டது. 'பாதிக்கப்பட்ட ஊர் ஏதும் இல்லை' என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்திட்டார். அடுத்த வாரமே, சகல அலுவலகங்களும் தத்தம் வரைபடங்களின் கீழ் வலது மூலையில் அரக்கு நிறப் பொட்டு ஒன்றைத் தவறாது இடவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பொட்டு அட்டைகளுக்கான ஆர்டர் ஜாபர் பாய்க்குப் போனது.

ஆயம்மாள் மனு என்னாயிற்று என்று கேட்க வந்தாள். செல்லமுத்து சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, எல்லாம் இதில் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவள் படத்தை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு செல்வியின் மேசைக்கு வந்தாள்.

"இதுல எங்கூரு எங்கம்மா?"

செல்வி எழுந்து வந்து பொட்டைக் காட்டினாள்.

"மத்த ஊருங்கோ?"

"எல்லாம் இருக்குதுங்க" என்றாள் செல்வி. "வெள்ளையா இருக்குது."

ஆயம்மாள் படத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தாள். பிறகு பொட்டை நகத்தால் பெயர்த்தெடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.