உள்ளங்கை ஆசானும் ஏழாம் அத்தியாயமும்

உள்ளங்கை ஆசான் ஊருக்கு வந்திருந்தார். எழுத ஆசைப்பட்டவர், எழுதி முடித்தவர், எழுதப்போவதாகப் பத்து வருடமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவர் எல்லாரும் வாடகை மண்டபத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆசான் எதையும் படிக்கமாட்டார். படிப்பது சாதாரண ஆட்கள் செய்யும் வேலை. துணியில் கட்டிய கையெழுத்துப் பிரதிமேல் உள்ளங்கையை வைப்பார், கண்ணை மூடுவார், உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார். கட்டை மட்டும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் எழுத்தின் சூடு ஆறிவிடுமாம்.

முக்கால்வாசிப் பேருக்கு ஒரே தீர்ப்புத்தான்: "எரிச்சிடு. என்கிட்ட ஒரு வருஷம் இருந்து புதுசா எழுது." எரிப்பதற்கு மேடையருகே இரும்புத் தொட்டியில் தீ தயார். ஒரு வருஷக் கட்டணம் வாங்கப் பக்கத்திலேயே ஒரு மேசையும் தயார். வசதிக்கு ஒரு குறைவும் இல்லை.

வரிசையில் தையல்காரி நின்றாள். கடை சாத்தியபின் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி ஒரு நாவலை முடித்திருந்தாள். ஒரே பிரதி. அது தேறுமா தேறாதா என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பொட்டலத்தைக் கட்டிக்கொடுத்தவள் நாத்தனார், அதே கடையில் துணி வெட்டுகிறவள். அவளும் கூட வந்திருந்தாள்.

"அண்ணி, அவரு எரிக்கச் சொன்னா?"

"எரிச்சிடுவேன். அவ்வளவு பெரிய மனுஷன் சும்மா சொல்வாரா?" என்றாள் தையல்காரி, பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தபடி.

ஆசான் கையை வைத்தார். முகம் சுருங்கியது.

"ஒரு பொண்ணு தெரியறா. அழறா. ஏழாம் அத்தியாயத்துல அவளுக்கு மூச்சு முட்டுது. உன் பழைய வாத்தியாருங்க நிழல் இதுல படிஞ்சிருக்கு. எரிச்சிடும்மா."

கூட்டம் உச்சுக்கொட்டியது. தையல்காரியின் நாவலில் ஏழாம் அத்தியாயம் முழுக்க எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சரி, எழுதினவளுக்கு என்ன தெரியும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டியை நோக்கி நடந்தாள்.

"அண்ணி, நில்லுங்க. ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துட்டு எரிங்க."

"பிரிக்கக் கூடாது! சூடு ஆறிடும்!" என்றார் ஆசான்.

"தீயில போடப்போறதுக்குச் சூடு ஆறினா என்னங்க?"

நாத்தனார் முடிச்சை இழுத்தாள். உள்ளேயிருந்து, துணிமேல் வைத்து வெட்டுவதற்கான காகித அளவுகள் சரிந்து விழுந்தன. ஒரு கால், இன்னொரு கால், பாக்கெட், இடுப்புப்பட்டை.

"இது கதாநாயகி இல்லீங்க ஐயா. பேங்க் மேனேஜரோட கால்சட்டை அளவு. இடுப்பு நாப்பத்திரெண்டு. மூச்சு முட்டுதுன்னீங்க பாருங்க, அது மட்டும் சரி."

மண்டபம் சிரித்தது. பிறகு கட்டணம் கட்டியவர்கள் மேசையை நோக்கி ஓடினார்கள், ஆசான் பின்வாசலை நோக்கி ஓடினார். ஏற்கெனவே எரித்தவர்கள் மட்டும் ஓடவில்லை. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள்.

"என் நாவல் எங்கடி?" தையல்காரி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடையில பத்திரமா இருக்கு. படிச்சேன். அஞ்சாம் அத்தியாயம் சவ்வா இழுக்குது அண்ணி, வெட்டணும். ஏழுல சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு."

தையல்காரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விடுவிடுவென்று முன்னால் நடந்தாள், தெருமுனையில் திரும்பினாள்.

"அஞ்சுல எந்த இடத்துல இழுக்குது?" என்று கேட்டாள்.

வழிகாட்டி தேடி அலையும் மகாஜனங்களே! எரிக்கச் சொல்கிறவரிடம், படித்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் கிடையாது.