விளையாட்டுச் சாமான் அறையிலிருந்து ஒரு புகார்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இருந்தே ஆக வேண்டும். ஏனென்றால் இதைப் படித்து முடித்ததும் உங்களுக்கு வேலை இருக்கிறது. என் சௌக்கியத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. அதைக் கவனிப்பதற்கென்றே இங்கே ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இந்தப் புகார். காவல்துறை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். ஓய்வு பெற்றது நீங்கள்தானே தவிர உங்கள் மீசை இல்லை. ஆகவே மைத்துனன் என்ற உரிமையிலும் பொதுமகன் என்ற முறையிலும் தெரிவித்துக்கொள்கிறேன்: என்னைக் கடத்தி ஓர் அறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். செய்தது எங்கள் கல்லூரி வாலிபால் டீம்.

என் பொண்ணு குருவியின் நிலைமை உங்களுக்குத் தெரியும். ரத்தம் ஊற வேண்டிய மஜ்ஜையே கெட்டுப்போய்விட்டது, இன்னொருவர் மஜ்ஜையை ஏற்றினால்தான் பிழைப்பாள் என்று சொல்லி, நீங்கள் உட்பட வீட்டில் எல்லோரிடமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களே, அதில் பாதியாவது பொருந்தியது எங்கள் இருவருடையதுதான். உங்கள் தங்கைக்குச் சர்க்கரை இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். மிஞ்சியது நான். மச்சான், பள்ளிக்கூடத்தில் இரண்டு தலைவர்கள் நின்று ஆள் பிரிப்பார்களே, அதில் கடைசிவரை மிஞ்சுகிறவன் நான்தான். "இவன நீயே வச்சுக்கடா" என்று ஒருவர் தலையில் ஒருவர் கட்டுவார்கள். தாவரவியல் வாத்தியாராக ஆனதற்கே காரணம், செடிகொடிகளும் என்னைப் போல உட்கார்ந்த இடத்தில் இருப்பவை என்பதுதான். அப்படிப்பட்டவனைப் போய் டாக்டரம்மா முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, "இனிமே உங்களுக்குச் சளி பிடிக்கக் கூடாது, காய்ச்சல் வரக் கூடாது, கீழே விழக் கூடாது. குழந்தையோட பழைய மஜ்ஜைய மருந்து குடுத்து முழுசா அழிச்சிடுவோம். அதுக்கப்புறம் பின்வாங்க முடியாது. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க கையில வேற ஒண்ணுமில்ல" என்றார். எனக்குக் காது அடைத்துப் போயிற்று. பக்கத்தில் நின்ற நெட்டைக்கு அடைக்கவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது வினை.

நெட்டை என்பவன் டீம் கேப்டன். நிலைப்படியில் குனியாமல் அவன் நுழைந்த வீடு கிடையாது. குருவிக்கு ரத்தத் தட்டணுக்கள் கொடுப்பதற்காக அன்றைக்கு வந்திருந்தான். இவர்களுக்கும் குருவிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் குடியிருப்பு கல்லூரி மைதானத்தை ஒட்டியிருக்கிறது அல்லவா, பேசத் தெரிந்த நாளிலிருந்து அவள் அந்த மதில்மேல்தான் உட்கார்ந்திருப்பாள். பயிற்சி ஆட்டத்துக்குக் கோட்டைப் பார்க்க ஆள் கிடையாது. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று அடித்துக்கொள்வார்கள். ஒருநாள் மதில்மேலிருந்து இவள் "வெளியே!" என்று கத்தினாள். அதோடு அவர்களுக்கு லைன் அம்பயர் கிடைத்துவிட்டாள். சமையலறைத் துணியைக் கரண்டிக்காம்பில் கட்டிக்கொண்டு உட்காருவாள். உள்ளே விழுந்தால் கொடி கீழே, வெளியே விழுந்தால் கொடி மேலே. பி.டி. மாஸ்டரே ஒருமுறை எதிர்த்துப் பேசிப் பார்த்தார். "அம்பயர் சொல்லியாச்சு சார், விடுங்க" என்று டீமே அவரை அடக்கிவிட்டது. குருவி ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து மதில் காலியாக இருக்கிறது. இவர்களும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை அடிப்பதே இல்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் கடத்தல் கடத்தல்தானே?

டாக்டரம்மா சொன்ன மறுநாள் ஸ்கூட்டர் சாவியைக் காணோம். வாசலில் நெட்டையும் இன்னும் மூன்று பனைமரங்களும். "சார், ஃபைனல் முடியிற வரைக்கும் நீங்க வண்டி ஓட்டக் கூடாது. தங்குறதுக்கு இடம் ரெடி" என்றான். மஜ்ஜை எடுக்கிற நாளுக்கு அவர்கள் வைத்த பெயர் ஃபைனல். உங்கள் தங்கை ஆஸ்பத்திரியில் குருவியோடு உள்ளே போய்விட்டாள், துணைக்கு ஒருவருக்குத்தான் அனுமதி, எனக்காகப் பரிந்து பேச ஆளில்லை. நேராகக் கொண்டுவந்து மைதானத்து ஓரத்திலுள்ள விளையாட்டுச் சாமான் அறையில் போட்டுவிட்டார்கள். விடுதியில் ஒருவன் இருமினால் எல்லோரும் இருமுவார்களாம், இங்கே யாரும் வர மாட்டார்களாம். தரையெல்லாம் மருந்து போட்டுக் கழுவியிருந்தார்கள். ஒரு பக்கம் கிழிந்த வலை, ஒரு பக்கம் காற்றுப்போன பந்துகள், தலைமாட்டில் மைதானத்தில் கோடு போடுகிற வெள்ளைப்பொடி மூட்டைகள், நடுவில் தாண்டிக்குதிக்கிற மெத்தை, மெத்தைமேல் நான். என் போனில் கிருமி இருக்கும் என்று ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து அதைச் சாகடித்துவிட்டார்கள். உங்கள் தங்கை கூப்பிட்டால் நெட்டையின் போனில்தான் பேச வேண்டும், அவனோ ஆறடி தள்ளி நின்றாலும் அவன் காது இங்கேதான் இருக்கும். அதனால்தான் விடைத்தாளின் பின்பக்கத்தில் இந்தக் கடிதம்.

காலையில் விசில் அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மச்சான். என் வயதென்ன, படிப்பென்ன! எழுந்ததும் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்க வேண்டும். நான் மாட்டேன் என்றதற்கு மொத்த டீமும் வாசலில் வட்டமாக நின்று ஆளுக்கொரு டம்ளரோடு என்கூடச் சேர்ந்து கொப்பளிக்கிறது. அந்தச் சத்தத்தில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் இடம் மாறிவிட்டது. குளியலறையில் வழுக்கக் கூடாது என்று ரப்பர் விரிப்பு. உள்ளே போனால் வெளியிலிருந்து ஒருத்தன் "சார், நிக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். "நிக்கிறேன்டா" என்று சோப்பு வாயோடு பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை கோபத்தில் பதில் சொல்லாமல் இருந்தேன், கதவு போயிற்று. வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கினால் முன்னால் இரண்டு பேர் கையை விரித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்குகிறார்கள். அதில் ஒருத்தன் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். "நீங்க விழல இல்ல சார்?" என்று தரையிலிருந்தே கேட்கிறான், அவனை என்ன செய்வது?

பெண்கள் டீமில் பம்பரம் என்று ஒருத்தி, சாப்பாட்டு இலாகா அவளுடையது. கீரை, முட்டை, பால், மறுபடியும் கீரை. "மிச்சம் வைக்காதீங்க சார், குருவிக்குப் போறது இது" என்பாள். அப்படிச் சொன்னால் எப்படி மிச்சம் வைப்பது? என் வகுப்பில் தும்மினவன், இருமினவன், மூக்கை உறிஞ்சினவன் எல்லோரையும் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் இலையின் உள்ளமைப்பைப் பற்றி ஒரே ஒரு மாணவிக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். பயத்தில் அந்தப் பெண் மூச்சே விடவில்லை. ஆறுதல் சொல்ல வந்த விலங்கியல் பேராசிரியருக்குக் கொஞ்சம் ஜலதோஷம். பாவம், கைகொடுக்க நீட்டினவரை இரண்டு பேர் அப்படியே அலாக்காகத் தூக்கி அவருடைய துறை வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். இன்றுவரை மனுஷன் என்னோடு பேசவில்லை. இதையெல்லாம் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் இன்று விடியற்காலைவரை கொஞ்சம் சிரிப்பு வந்துகொண்டுதான் இருந்தது.

மச்சான், விடியற்காலையில் நான் தும்மினேன்.

ஒரே ஒரு தும்மல். தலையணையில் முகத்தை அழுத்தித் தும்மினேன், வெளியே காவலிருந்தவனுக்குக் கேட்கவில்லை. நாளைக் காலையில் எனக்கு மஜ்ஜை எடுக்கிறார்கள். குருவிக்கு மருந்தெல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. பழையது எதுவும் இல்லை அவளிடம், புதியது இன்னும் என் இடுப்பெலும்புக்குள் இருக்கிறது. நடுவில் அந்தரத்தில் நிற்கிறாள் என் பொண்ணு. வாயெல்லாம் புண், பேச்சு நின்று நாலு நாளாகிறது என்று உங்கள் தங்கை சொன்னாள். எச்சில் விழுங்கக்கூட அழுகிறாளாம். நான் இங்கே தும்மிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாள் முழுக்க மூக்கைப் பிடித்துப் பார்க்கிறேன், நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். கை சுடுதா நெற்றி சுடுதான்னு தெரியல. மத்தியானம் ரெண்டாவதா ஒண்ணு வந்துச்சு, அடக்கிட்டேன், கண்ணுல தண்ணி வந்திருச்சு. பம்பரம் பாத்துட்டு, "அழாதீங்க சார்"ன்னு சொன்னா. சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். சொன்னா என்ன ஆகும்? டாக்டரம்மா தள்ளி வைப்பாங்க. தள்ளி வச்சா அவ என்ன ஆவா? சொல்லலேன்னா, எனக்குள்ள இருக்கிற ஏதோ ஒரு கிருமி, எதிர்த்து நிக்க ஒண்ணுமே இல்லாத அந்தச் சின்ன உடம்புக்குள்ள போகும். என் கையாலயே குடுத்த மாதிரி. ஜெயிக்கிற பக்கமும் தெரியல, தோக்கிற பக்கமும் தெரியல. இத்தனை பேரு ராப்பகலா என்னையப் பொத்திப் பொத்தி வச்சாங்களே, எல்லாத்தையும் நான் கெடுத்துட்டேனோ? எங்கயும் வெளிய போகலையே மச்சான், யாரையும் தொடலையே, எங்கேருந்து வந்துச்சு இந்தத் தும்மல்?

இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். நீங்கள் வந்து யாரையும் பிடிக்கப் போவதில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பயமாக இருக்கிறது மச்சான். ரொம்பப் பயமாக இருக்கிறது.

விசில் அடித்துவிட்டான், சாயந்திரக் கொப்பளிப்புக்கு எல்லோரும் வந்து நிற்கிறார்கள். இருந்தாலும் புகார் புகாராகவே இருக்கட்டும். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து மேற்படி கும்பலிடமிருந்து என்னை மீட்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், யார் கண்ணும் படாமல் நூறு வயசு இருக்கட்டும், இருமாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
காவலில் இருக்கும் தங்கள் மைத்துனன்

பி.கு.: தபாலில் சேர்க்க முடியவில்லை, அதனால் மறுநாள் சாயந்திரம் தொடர்கிறேன். நீங்கள் வர வேண்டாம்.

நேற்றுக் கொப்பளிக்கிற வட்டத்தில் நின்றபோது சொல்லிவிட்டேன். "தும்மிட்டேன்டா" என்றேன். யாரும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை, துப்பவுமில்லை. நெட்டை என்னை வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டரம்மா மூக்கில் குச்சியை விட்டார், தொண்டையில் விட்டார், ரத்தம் எடுத்தார், நெஞ்சைப் படம் எடுத்தார். எல்லாம் சுத்தம். காய்ச்சலும் இல்லை. பிறகு என் சட்டைக் காலரை விரலால் தட்டிப் பார்த்து, "இது என்ன பொடி?" என்றார். கோடு போடுகிற சுண்ணாம்பு. ஊரிலுள்ள கிருமி அத்தனையையும் விரட்டின பிள்ளைகள், என் தலைமாட்டிலிருந்த மூட்டைகளைக் கவனிக்கவே இல்லை. தினமும் அதில் உருண்டு புரள்கிறவர்களுக்கு அது பொடியாகவே தெரியவில்லை. நெட்டை அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே கீழே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். உட்கார்ந்தும் என் இடுப்புயரம் இருந்தான். "போடா லூசு" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன், நானும் அழுதேன்.

இன்று காலை எடுத்துவிட்டார்கள். இடுப்பில் குதிரை உதைத்த மாதிரி இருக்கிறது. மயக்கம் தெளிந்ததும் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டேன். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது: சாவியை எடுத்து நெட்டையின் கையில் கொடுத்து, "அவரு தானா இருந்தா வண்டிய எங்கயாவது விட்டுருவாரு, புடிச்சு வச்சுக்கங்கப்பா" என்று சொன்னதே உங்கள் தங்கைதானாம். கும்பலுக்குத் தலைவி அவள். கைது செய்வதானால் உங்கள் வீட்டிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்பதால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒருநாளாவது ஆஸ்பத்திரியிலேயே படுத்திருங்கள் என்றார்கள், கேட்கவில்லை. வீட்டுக்குப் போகவும் மனமில்லை. சாமான் அறைக்கே வந்துவிட்டேன், மூட்டைகளை வெளியே தள்ளியாயிற்று. கதவை வெளியே பூட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

சற்றுமுன் உங்கள் தங்கை நெட்டையின் போனில் கூப்பிட்டாள். மத்தியானம் மஜ்ஜைப் பையைத் தொங்கவிட்டார்களாம். குருவி கண்ணைத் திறந்து அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். சிவப்பு மெதுவாக இறங்கி வந்து அவள் நெஞ்சுக்குள் போனதும், பேச முடியாத என் பொண்ணு படுக்கையிலிருந்து கையைத் தூக்கி, விரலை நீட்டி, தரையைக் காட்டினாளாம். உங்கள் தங்கைக்குப் புரியவில்லை; தண்ணீர் கேட்கிறாளோ, ஏதாவது கீழே விழுந்துவிட்டதோ என்று தேடினாளாம்.

எனக்குப் புரிந்தது. ஆறடி தள்ளி நின்ற நெட்டைக்கும் புரிந்தது. "மஜ்ஜை பிடிச்சுதா இல்லையான்னு தெரிய இன்னும் மூணு வாரம் ஆகும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கடா" என்றேன்.

"டாக்டரம்மா சொல்றப்ப சொல்லட்டும் சார்" என்றான். "அம்பயர் சொல்லியாச்சு."