ஓடக்காரன் மறை காத்த படலம்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில், சில்லு தேய்க்கும் எந்திரத்தின் ஓயாப் பேரிரைச்சலிடையே, தூசுபடிந்த மேலங்கியே கவசமாகவும் விரிசல்விழுந்த கைபேசியே கேடயமாகவும் வீற்றிருக்கும் வல்விரல் வீரன் புகழ் ஓங்குக. நானூற்றுப் பன்னிருவர் கூடும் விளையாட்டுக் குழுவின் அட்மின் அவன், கதைமுடிவுகளின் காவலன், பிறர் வாயை அடைப்பதையே பெருந்தவமாகக் கொண்டவன். இதற்குச் சம்பளம் கிடையாது.

அக்குழுவினர் ஆடியது, பனித்தீவொன்றில் மன்னனைக் கொன்றவனை ஓடக்காரக் கிழவன் ஒருவன் துணையோடு தேடியலையும் பன்னிரு கட்டப் பெருவிளையாட்டு. முடித்தவர் முடிவை உளறலாகாது. உளறியே தீரவேண்டுமெனில், தொட்டாலன்றித் திறவாத கருந்திரையால் எழுத்தை மூடியே உளறவேண்டும் என்பது அவன் வகுத்த சட்டம். சட்டம் எல்லோருக்கும் பொது. ஆனால் அது பிறந்தது அவன் அக்காவுக்காக. மருத்துவமனையில் நர்ஸும் அக்குழுவில் ஒருத்தியுமான அவள், வேலை முடிந்து வந்து நாளுக்கு அரைமணி நேரம் மட்டுமே ஆடி, மூன்று மாதத்தில் ஒன்பதாம் கட்டத்தை எட்டியிருந்தாள்.

"அந்த ஓடக்காரத் தாத்தா மட்டும் கூட வரலன்னா நான் எப்பவோ விட்டிருப்பேன்டா. முடிவை யாரும் சொல்லிடாம பாத்துக்கோ" என்று அவள் சொன்னபோது, முடிவறிந்த தம்பி, "நான் இருக்கேன்ல" என்று மட்டும் சொல்லி வைத்தான்.

வந்தது அந்தப் பொல்லாத நண்பகல். தலைவன் டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டாம் கவளத்தை உருட்டிய கணத்தில், நேற்றுச் சேர்ந்த புதியவன் ஒருவன், திரையுமின்றி நாணமுமின்றி ஒரு வரியை எய்தான்: "ஓடக்காரன்தான் கொலைகாரனா, செம." பாய்ந்தான் தலைவன். எச்சிற்கை வழுக்கிற்று, இடக்கையோ டம்ளரைத் தட்டிவிட்டு நனைந்து செயலிழந்தது, இரு கரமும் கைவிட்ட அந்நிலையிலும் கலங்காது, கூர்நுதி கொண்ட தன் மூக்காலேயே அழுத்தி அவ்வரியை அழித்தொழித்தான். மூன்றே நொடி. அவனைத் தவிர அதைக் கண்டார் எவருமிலர்.

"என்னங்க, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கண் பரிசோதகர் எட்டிப் பார்த்துக் கேட்டார். தலைவன் பெருந்தன்மையோடு தலையசைத்து மறுத்தான்.

அத்தோடு எழுந்துபோய்க் கை கழுவியிருக்கலாம். ஆனால் வெற்றி தலைக்கேறிவிட்டது. ஊரறியா வெற்றி என்ன வெற்றி என்று பொங்கி, நனைந்த விரலைச் சட்டையில் துடைத்து, பேரறிவிப்பு ஒன்றைப் பொறித்தான்:

"குழுவினர் அனைவரும் அறிக. ஓடக்காரனே மன்னனைக் கொன்றவன் என்னும் மறைபொருளைத் திரையின்றி உரைத்த குற்றத்திற்காகப் புதியவர் ஒருவர் ஏழு நாள் பேச்சுரிமை இழக்கிறார். இனி எவர் உரைப்பினும் இதுவே கதி."

எழுத்துப்பிழை உண்டா என இருமுறை படித்தான். இல்லை. ஒருவர் கண்ணுக்கும் தப்பலாகாது எனக் குழுவின் உச்சியில் அதைப் பொருத்தவும், மற்ற நானூற்றுப் பதினொரு கைபேசிகளும் ஒருசேர மணியொலித்தன. வாழ்த்தொலி கேட்கத் தலைவன் நெஞ்சு நிமிர்த்திக் காத்திருந்தான்.

"அண்ணே, அவன் போட்டதை நான் பாக்கவே இல்ல. நீங்க போட்டதைத்தான் பாத்தேன்" என்று எழுதினான் ஒருவன்.

தன் திருவாக்கைத் தானே அழிக்கத் தலைவன் விரைந்தபோது, அதைப் படித்தோர் நிரலில் மூன்றாவதாக மின்னிக்கொண்டிருந்தது, வார்டில் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்திருந்த அந்த அருமைத் தமக்கையின் பெயர்.

அக்கா அன்று மாலையே அந்த கேமைப் போனிலிருந்து எடுத்துவிட்டாள்.