பட்டாளத்தான் மார்க்

சிவகாசி வட்டாரத்திலேயே வெடிச் சத்தத்துக்கு நடுங்கிய ஒரே மனிதரின் முகத்தை வெடிப்பெட்டி லேபிளில் அச்சடித்து நாடு முழுக்க அனுப்பியவன் நான்தான். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

அவரை ஊரில் எல்லோரும் ‘பொசிஷன்’ என்றே அழைப்போம். ராணுவத்தில் இலங்கைக்குப் போய்த் திரும்பியவர். எங்கள் அச்சகத்தில் கேட் வாட்ச்மேன். நான் அங்கே லேபிள் டிசைன் பிரிவுக்குப் பொறுப்பாளன்.

எங்கள் பக்கத்துப் பட்டாசு கம்பெனிகளில், செய்த சரக்கு சரியாக இருக்கிறதா என்று பகலில் வெடித்துப் பார்ப்பார்கள். ஊரில் பச்சைக்குழந்தைகூட அந்தச் சத்தத்துக்குப் புரண்டு படுக்காது. பொசிஷன் மட்டும், “பொசிஷன்! படுங்கலே எல்லாரும்!” என்று கத்திக்கொண்டு குப்புற விழுவார். தனியாக விழுந்தால் பரவாயில்லை. கைக்கு எட்டுகிறவரையும் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் விழுவார்.

ஒருமுறை முடிதிருத்தும் கடையில், பாதிக் கன்னம் மழித்திருந்தபோது விழுந்தார். கடைக்காரரும் சவரக்கத்தியோடு கீழே. “அண்ணாச்சி, எந்திரிச்சுக்கிடலாமா? அந்தக் கன்னத்துல சோப்பு காயுது” என்று அவர் தரையில் படுத்தபடியே கேட்டாராம்.

ரேஷன் கடை வரிசையில் ஒருநாள் அவர் போட்ட சத்தத்தில் மொத்த வரிசையும் படுத்துவிட்டது. எழுந்து பார்த்தால் சண்டை. கடைசியில் நின்ற அம்மாள் ஊர்ந்தே நடுவரிசைக்கு வந்துவிட்டாள்.

கல்யாணவீடு ஒன்றில் தாலி கட்டும் நேரத்துக்கு வாசலில் வெடி போட்டார்கள். பொசிஷன் மாப்பிள்ளையின் தகப்பனாரை அள்ளிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டார். பட்டு வேட்டி கிழிந்தது. சண்டை வரும் என்று பார்த்தோம். அந்தப் பெரியவரோ, “இம்புட்டுக் கூட்டத்துல என்னைய மட்டும் காப்பாத்தணும்னு தோணிருக்கு பாருங்க அவருக்கு” என்று பந்தியில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, அம்புட்டு பயமா?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“பயமா? டியூட்டி சார். அங்கன ரோட்டுல போகையில எனக்கு முன்னால போனவன்கிட்ட படுறான்னு கத்த கொஞ்சம் லேட்டாயிருச்சு. கண்ணிவெடி. அதுலேருந்து நான் லேட் பண்றதில்ல.”

அதை நம்பித்தான் அவர் தலைநிமிர்ந்து நடந்தார். ஊர் சிரிப்பது அவருக்குத் தெரியும். அது வேலை தெரியாதவர்களின் சிரிப்பு என்று விட்டுவிடுவார்.

ஒரு தீபாவளி சீசனுக்கு முன்னால் முதலாளி, “புது வெடிக்குப் புது லேபிள் வேணும். சாமி படமும் வேண்டாம், நடிகை படமும் வேண்டாம்” என்றார். அன்று மதியம் முற்றத்தில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே பொசிஷன் விழுந்து கிடந்தார். குனிந்து போனில் படம் எடுத்தேன். அதற்குப் பச்சை உடுப்பு மாட்டினேன், கையில் துப்பாக்கி கொடுத்தேன், மீசையைப் பெரிதாக்கினேன். கண்களை மட்டும் தொடவில்லை. ‘பட்டாளத்தான் மார்க்’ என்று பெயர் வைத்தேன்.

“அடேயப்பா, கண்ணைப் பாரும் ஓய்! பெட்டியத் தொறக்கு முன்னாலயே வாங்குறவன் மெரண்டுருவான்” என்றார் முதலாளி. லாரி லாரியாகப் போனது.

பொசிஷன் அதைப் பார்த்தது வெட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில். லேபிளாக வெட்டாத முழுத்தாள். மேலிருந்து கீழ்வரை வரிசை வரிசையாக அவரே விழுந்து கிடந்தார். மெஷின்காரர்கள் சிரிக்கக் காத்திருந்தார்கள்.

“சார், விழும்போது என் மூஞ்சி இப்படியா இருக்கு?”

“பின்னே, நானா வரைஞ்சேன்? உள்ளதைத்தான்யா போட்டிருக்கேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தாளைச் சுருக்கம் விழாமல் கட்டின்மேல் வைத்துவிட்டு கேட்டுக்குப் போனார்.

அதன்பின் அவர் விழவில்லை. சத்தம் கேட்டால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தாடை இறுகும், சட்டை முதுகோடு நனைந்து ஒட்டும். சிலர் வேண்டுமென்றே பின்னால் வெடியைக் கொளுத்திப் போட்டுப் பார்த்தார்கள். நின்றார். “பொசிஷன் தேறிட்டாருப்பா” என்றது ஊர். அந்தப் பெருமையையும் நானே எடுத்துக்கொண்டேன். என் லேபிள் ஒரு மனிதரைக் குணப்படுத்திவிட்டது என்று டீக்கடையில் சொல்லித் திரிந்தேன்.

தீபாவளிக்கு முன் ஒரு மதியம். ஆபீஸுக்குள் பெரிய கண்ணாடி ஜன்னலை ஒட்டி நின்று நானும் அவரும் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்துக் காட்டில் ஒரு பட்டாசு குடோன். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அங்கிருந்து முதலில் சின்னதாக ஒரு சத்தம் வந்தது.

நான் விழுந்துவிட்டேன். யோசித்து அல்ல. இத்தனை வருடம் அவர் கத்திக் கத்தி, என் உடம்பு பழகியிருந்தது. விழுந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் நின்றார். முழங்கால் மடங்கப் பார்த்தது. அதை அவர் மடங்கவிடவில்லை. என்னைப் பார்த்தார். நான் பார்க்கிறேன் என்பதற்காகவே நின்றார்.

“படுய்யா!” என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் குடோன் மொத்தமும் போனது. ஜன்னல் கண்ணாடி முழுவதும் அவர்மேல் வந்தது.

எனக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. அவருக்கு வலது கண் போய்விட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னிடம், “மொதச் சத்தத்துலயே விழுந்துருவாகளே சார், அன்னைக்குன்னு ஏன் நின்னாகளோ” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏன் என்று சொன்னேன். லேபிள், அன்று சொன்ன பதில், டீக்கடைப் பெருமை, எல்லாவற்றையும் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றே சொன்னேன். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொசிஷன், மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளியிடம் லேபிளை நிறுத்தச் சொன்னேன்.

“ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. யாரு மூஞ்சியப் போடுறது?”

“என் மூஞ்சியப் போடுங்க. நானும்தான் விழுந்தேன்.”

“உம்ம மூஞ்சியா? பரீட்சை நோட்டுக்கு அட்டையாப் போட்டாக்கூட பையன் ஃபெயிலாயிருவான்யா!”

நான் சிரிக்கவில்லை. அந்த லேபிள் ஓடும்வரை வேலைக்கு வரமாட்டேன் என்று சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். முனகிக்கொண்டே முதலாளி அதைப் புலியாக மாற்றினார்; சாவியை மட்டும் எனக்குத் திருப்பித் தரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரிடம் போய்ச் சொன்னேன். “சரி சார்” என்றார்.

சில மாதங்கள் கழித்து டீக்கடை வாசலில் எதிரெதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். எங்கோ கம்பெனியில் வெடித்துப் பார்த்தார்கள். நான் டீ டம்ளரோடு தரையில் விழுந்தேன். கடையில் சிரிப்பு எழுந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

“எந்திரிங்க” என்றார். “கண்ணு போனது பத்தாதா? நக்கல் வேற பண்ணுறீகளோ?”

“இல்ல தம்பி. அன்னைலேருந்து எனக்கு இப்படித்தான். வீட்லயும் விழுறேன். நெசமாவே பயமா இருக்கு. கையப் பாரு.”

குனிந்து, இருந்த ஒரு கண்ணால் என் கையைப் பார்த்தார். அது நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த வெடி. நான் மண்ணில் முகத்தைப் புதைத்தேன். தலைநிமிர்ந்தபோது அவர் எனக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தார். அவர் கையும் ஆடியது. அந்தக் கையால் என் கையை அழுத்திப் பிடித்திருந்தார்.

“எனக்கும் பயம்தான் சார்” என்றார். “டியூட்டின்னு சொல்லிக்கிட்டா கொஞ்சம் தேவலையா இருந்துச்சு.”

வெடிகள் ஓயும்வரை அப்படியே கிடந்தோம். டீ மாஸ்டர் வேறு இரண்டு டீ போட்டுக் கொண்டுவந்து எங்கள் தலைமாட்டில் தரையிலேயே வைத்தார்.

இப்போது இருவருக்கும் வேலை இல்லை. காலையில் அந்தக் கடைக்கு ஒன்றாகப் போகிறோம், சத்தம் கேட்டால் ஒன்றாக விழுகிறோம். எங்களைத் தூக்கிவிட யாராவது வருகிறார்கள். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவர் காரியாபட்டியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிற நாட்களில் நான் வீட்டிலேயே டீ போட்டுக் குடித்துக்கொள்கிறேன்.