யாக்கோமினாவுக்குத் தனிக் குழி

சீலாந்து, 11 பிப்ரவரி 1974

மதிப்பிற்குரிய மச்சாண்டார் அட்ரியான் அவர்களுக்கு, தங்கள் தம்பி மரினுஸின் விதவை யாக்கோமினா பணிவுடன் எழுதுவது. இங்கு எனக்குச் சுகமில்லை. அங்கு நீங்கள் சுகமாயிருக்கக் கர்த்தர் அருளட்டும். என் கல்லீரலைப் பற்றி மருத்துவர் சொன்னது உங்களுக்கும் தெரியும். ஈஸ்டரைப் பார்ப்பதே அபூர்வமாம். அதனால் வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் தருகிறேன்: என்னை மரினுஸோடு புதைக்கக் கூடாது.

ஒன்பது வருடத்துக்கு முன் அவர் இறந்தபோதே கல்லில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் வெட்டி, சாகும் தேதிக்கு மட்டும் இடம் விட்டுவைத்தீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து போகும்போது அந்தக் காலி இடம் என்னைப் பார்த்து, இன்னும் எத்தனை நாள் என்று கேட்கும். டிசம்பரில் பொறுக்க முடியாமல் கல்தச்சர் கிரைனிடம் போய், பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அவருக்குக் காது மந்தம். உயிரோடிருப்பவள் தன் பெயரை எடுக்கச் சொல்வாள் என்று அவர் மூளைக்கு எட்டவில்லை. மரினுஸின் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு சபையே பார்த்தது: குழியில் நான் மட்டும் கிடக்கிறேன், மரினுஸைக் காணோம். கடைசித் தெரு ஹிலேட்யே கறுப்பு உடை உடுத்தி, துக்கம் விசாரிக்க வீட்டுக்கே வந்துவிட்டாள். கதவைத் திறந்த என்னை மேலும் கீழும் பார்த்து, "அட, நீ இன்னும் போகலையா?" என்றாள். அவள் முகத்தில் அத்தனை ஏமாற்றம். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்து நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

அந்த வாரமே நீங்கள் போதகரோடு வந்தீர்கள். போதகர் பிஸ்கட் தட்டைக் காலி செய்தார். நீங்கள் விசாரணை நடத்தினீர்கள்.

"என் தம்பி உன்னை அடிச்சானா?"

"ஒரு நாளும் இல்ல."

"குடிச்சானா? வேற பொம்பளை?"

"அவருக்கு மாட்டைப் பாக்கவே நேரம் பத்தல."

"அப்புறம் என்னதான் குறை உனக்கு?"

"குறையே இல்ல. தனியா படுக்கணும், அவ்வளவுதான்."

"செத்தப்புறம் தனியா படுத்தா என்ன, கூடப் படுத்தா என்ன? உனக்குத் தெரியவா போகுது?"

"எனக்கே தெரியாதுன்னா உங்களுக்கு ஏன் இப்படி வலிக்குது?"

நான் கேட்டு வாங்கிய இடம் கடல் கரைமேட்டை ஒட்டிய வரிசையில், அலை ஒதுக்கிய பெயர் தெரியாத மாலுமிகளின் கல்லறைகளுக்குப் பக்கம் என்று தெரிந்ததும், "ஊர்பேர் தெரியாத ஆம்பளைங்க நடுவுலயா?" என்று கத்தினீர்கள். அவர்களில் யாரும் இதுவரை என்னிடம் காப்பி கேட்டதில்லை, மச்சாண்டார்.

மரினுஸ் நல்ல மனிதர். அதனால்தான் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. நான் பிறந்ததிலிருந்து மூன்று அக்காமாரோடு ஒரே கட்டில். கல்யாணமான ராத்திரியிலிருந்து நாற்பத்தொரு வருடம் சுவரோரம், அவர் முதுகுக்குப் பின்னால். அவரை அடக்கம் செய்த அன்றுதான், அறுபத்துமூன்று வயதில், முதல்முறையாகத் தனியாகப் படுத்தேன். அழ வேண்டும் என்றுதான் படுத்தேன். கட்டிலில் குறுக்காகக் கையையும் காலையும் பரப்பி, விடியும்வரை புரளாமல் தூங்கிவிட்டேன். விழித்ததும் வெட்கமாக இருந்தது. ஒன்பது வருடத்தில் அந்த வெட்கம் போய்விட்டது. நம் வழக்கப்படி அவர் பெட்டிக்கு மேலேயே என் பெட்டியையும் இறக்குவீர்கள். என்னால் முடியாது.

மகன் ஈசாக் வந்தான். தொப்பியைக் கூடக் கழற்றவில்லை. "அம்மா, உயிர்த்தெழும் நாள்ல அப்பா எழுந்து உன்னைத் தேடுவாரே?"

"நாப்பது அடி தள்ளித்தான்டா இருப்பேன். கூப்பிட்டா கேக்கும்."

அவன் சிரிக்கவில்லை. "அங்க புதைக்கறதா இருந்தா நான் வரமாட்டேன்" என்றான். சொன்னதும் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். ஆறு வாரமாகிறது, இந்தப் பக்கமே வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு சைக்கிளையும் பார்க்கிறேன். அவன் வராமலே போனாலும் என் முடிவு மாறாது என்பது எனக்கே பயமாக இருக்கிறது. சவப்பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். கிரைனும் வேறு இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மீதிக்கு மாலுமிகள் எழுந்து வந்தால்தான் உண்டு.

உங்கள் முழங்கால் வலி தணியட்டும், பசுக்கள் சுகமாய் ஈனட்டும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கர்த்தருக்குள் வளரட்டும். குடும்பத்துக்கு இப்படியொரு தலைகுனிவைத் தந்தவள் நான் ஒருத்திதான். என்னோடு அது ஒழியும் என்று ஆறுதல் கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
யாக்கோமினா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் மனைவி பீட்டர்னெல்லா சூப்போடு வந்தார். எனக்குப் புத்தி சொல்ல நீங்கள்தான் அனுப்பினீர்களாம். வெகு நேரம் கையுறையைத் திருகிக்கொண்டிருந்தவர், "ஏண்டி, அந்த வரிசையில இன்னொரு இடம் காலியா இருக்கா?" என்றார். உங்களிடம் சொல்ல வாய் வரவில்லையாம். என்னையே எழுதச் சொன்னார். மெதுவாகக் கேளுங்கள், கத்தாதீர்கள். என் பக்கத்து இடம் காலிதான் என்றேன். வேண்டாமாம். இரண்டு இடம் தள்ளிக் கிடைக்குமா என்று கேட்கிறார்.