துரைசானி காப்பி

குழந்தையின் கொட்டத்தை இந்த வாரத்தோடு அடக்கிவிடுவது என்று தங்கராஜு சபதம் எடுத்தான். குழந்தைக்கு வயது எட்டு மாதம்.

கொட்டம் என்றால் லேசுப்பட்ட கொட்டம் இல்லை. வாரமெல்லாம் துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணுகிறவன், ஞாயிறு மத்தியானம் மீன் குழம்புச் சோற்றை ஒரு பிடி பிடித்து, அதன் தலையில் ஒரு லோட்டா காப்பியையும் ஊற்றிக்கொண்டு பாயில் சாய்வான். கொஞ்ச நேரத்தில் தொட்டிலில் சங்கு ஊதும். பினாங்கு டத்தோ கிராமாட் தெருவில் ஊதினால், பினாங்கு மலையேறும் ரயிலே நின்று கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறும்.

"எல்லாம் உங்க வீட்டுக் காப்பி பண்ற வேலை தம்பி," என்றார் பக்கத்து வீட்டு இப்ராஹிம். அவரும் அதே கிடங்கில்தான் வேலை. கப்பல்காரர்கள் எல்லாரும் அவருக்குச் சிநேகம். "தாய் குடிச்சா பால்ல இறங்கிடும் லா. ஜெர்மன் கப்பல்ல ஒரு தூள் வருது. கொட்டையா இருக்கும்போதே அதோட முறுக்கை எடுத்துடுறான். மணம் இருக்கும், ருசி இருக்கும், முழிப்பு மட்டும் இருக்காது. பால் கொடுக்கிறவங்க, நெஞ்சு படபடங்கிறவங்க, தூக்கம் பிடிக்காதவங்க, தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறவங்க, எல்லாருக்கும் நல்லதாம்."

தங்கராஜுவின் காதில் முதல் ஆள் மட்டும் விழுந்தார். மற்றவர்கள் வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

டின் வந்தது. முறுக்கு எடுத்த காப்பி என்று சொன்னால் பெண்டாட்டி தனலெட்சுமி தொடமாட்டாளே! தங்கராஜு தேனைக் குழைத்துப் பேசினான்.

"தனம், இது துரைசானிங்க குடிக்கிற காப்பி. இனிமே இந்த டின் உனக்கு. பழைய தூள் எனக்குப் போதும்."

"அய்யோ, எனக்கு எதுக்குங்க இவ்வளவு ஒசந்த சாமான்?"

"உனக்கு இல்லாம வேற யாருக்கு?"

தனலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகையாகவும் இருக்கலாம்.

அந்த வீட்டில் கல்யாணத்துக்கு மறுநாளே தங்கராஜு போட்ட சட்டம் ஒன்று உண்டு. காப்பித் துணியில் இறங்கும் முதல் வடி புருஷனுக்கு. அந்தச் சக்கையிலேயே மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் வடி பெண்டாட்டிக்கு. அப்பேர்ப்பட்டவன் பெண்டாட்டிக்குத் தனி டின்னே கொடுத்துவிட்டான்! தன் தாராளத்தை நினைத்து அவனுக்கே புல்லரித்தது.

திங்கட்கிழமை காலை முதல் வாய் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"ஆகா! இதுதான் காப்பி. என் நாக்கை ஏமாத்த பினாங்குல ஆள் பொறக்கல. உன் துரைசானி எப்படி?"

"ஏதோ இருக்குங்க."

பாவம், முறுக்கில்லாத சக்கையைக் குடிக்கிறாள் என்று திரும்பி நின்று சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை தலை இடித்தது. வெயில் என்றான். புதன்கிழமை கொட்டாவிக்குமேல் கொட்டாவி. கிடங்கில் அரிசி மூட்டைமேல் சாய்ந்தவனை இப்ராஹிம்தான் உலுக்கி எழுப்பினார்.

"உன் காப்பி வாசம் பட்டே எனக்குத் தூக்கம் வருது தனம்."

"அப்ப கொஞ்சம் எட்டி உக்காந்து குடிங்க."

அவளோ அந்த வாரம் கொசுவலையைத் தைத்தாள், மிளகாய் இடித்தாள், பாசார் சந்தைக்கு ஓடிப்போனாள், ஓடி வந்தாள். சக்கைக்கே இவ்வளவு ஆட்டமா என்று அவனுக்கு ஆச்சரியம்.

ஞாயிறு வந்தது. மீன் குழம்பு, காப்பி, பாய். கண்ணை விழித்தால் விளக்கு வைக்கிற நேரம்! தொட்டிலில் குழந்தை அப்போதுதான் எழுந்து பொக்கை வாயால் சிரித்தது. தங்கராஜு வேலிப்பக்கம் ஓடினான்.

"இப்ராஹிம் அண்ணே! உங்க டின் வேலை செய்யுதுண்ணே!"

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது அவர் மனைவி ஆயிஷா. "செய்யாம என்ன தம்பி? குடிக்க வேண்டியவங்க குடிச்சா செய்யத்தானே செய்யும்!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தங்கராஜு அடுப்படிக்கு ஓடினான்.

"தனம்... அந்த டின் தூளை யாருக்குப் போட்டே?"

"உங்களுக்குத்தாங்க."

"எனக்கா!"

"ஒசந்த சாமான் வீட்டுக்கு வந்தா, புருஷனுக்கு முந்திப் பொம்பளை வாயில வைக்கலாமா? முதல் மரியாதை உங்களுக்குன்னு நீங்க போட்ட சட்டந்தானே!"

"அப்ப நீ?"

"பழைய தூள்தான். காலையில ஒரே ஒரு கிளாஸ். ஆனா முதல் வடி. காப்பின்னா இப்படித்தான் இருக்கும்னு இப்பத்தாங்க எனக்குத் தெரியுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க சொன்னீங்களா? ஆயிஷா அக்காதான் சொன்னாங்க. நெஞ்சு படபடங்கிறவங்க, தூக்கம் வராதவங்க, எரிஞ்சு விழறவங்க குடிக்கணுமாம். கேக்கக் கேக்க உங்க முகந்தான் கண்ணு முன்னால வந்துச்சு."

"பிள்ளை? அது எப்படித் தூங்குச்சு?"

"ஞாயித்துக்கிழமை லோட்டாக் காப்பியைக் குடிச்சிட்டு நீங்க பாயில புரளுவீங்க. எந்திரிச்சுத் தரைப் பலகை கிறீச்சுங்க நடப்பீங்க. ரோட்டுல போற ரிக்‌ஷாக்காரனை ஜன்னல்ல நின்னு வைவீங்க. அதுலதான் பிள்ளை முழிக்கும். இன்னிக்கு நீங்க தூங்கினீங்க, அதுவும் தூங்குச்சு. அடுத்த டின்னுக்கு அண்ணன்கிட்ட சொல்லியாச்சு."

தங்கராஜு இடுப்பில் கையை ஊன்றினான். மீசையை முறுக்கினான். வீடு இடிகிற மாதிரி ஒரு சத்தம் போடுவதற்காக வாயை ஆவென்று திறந்தான்.

கொட்டாவிதான் வந்தது.