பத்துக்குப் பத்து

"உங்க உடம்பை நீங்களே கவனிச்சுக்க முடியும்னு எவ்வளவு நம்பிக்கை இருக்கு? பத்துக்கு மார்க் போடுங்க" என்று படிவத்தை நீட்டிய நர்ஸ், "ஏழுக்குக் கீழே வந்தா எட்டு வாரம் சனிக்கிழமை வகுப்பு உண்டு" என்றாள்.

மனைவியின் கை நீளுமுன் லிஃப்ட் மெக்கானிக் அதைப் பிடுங்கிக்கொண்டார். அவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. மனைவி "ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எதற்கென்று கேட்டதே இல்லை. ஆனால் சனிக்கிழமை அவர் பத்து மணிவரை தூங்கும் நாள். அதை எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"ஏங்க, அது..."

"நீ சும்மா இரு. நம்பிக்கைதானே? எங்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கு."

பத்து போட்டார். நர்ஸுக்குப் புருவம் ஏறியது.

"பத்து போட்டா பின்பக்கமும் எழுதணும் சார்."

திருப்பியவருக்கு வியர்த்தது. மாத்திரைகளின் பெயர் கேட்டிருந்தார்கள்.

"காலையில ஒரு வெள்ளை, ராத்திரி ஒரு மஞ்சள். பேரு என்ன?"

மனைவி சொன்னாள். கடைசியாக ரத்தப் பரிசோதனை செய்த தேதியையும் அவளே சொன்னாள். அடுத்த கேள்வி: இனிப்பைக் குறைக்க என்ன செய்கிறீர்கள்?

"டப்பாவை ஒளிச்சு வைக்கிறேன்" என்றாள்.

'டப்பாவை ஒளித்து வைக்கிறேன்' என்று மெக்கானிக் முத்து முத்தாக எழுதினார்.

நர்ஸ் பார்த்துவிட்டாள். "பக்கத்துல இருந்து சொல்லித் தரக் கூடாதும்மா. அந்தக் கடைசி பெஞ்சுக்குப் போங்க."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனாள். உட்காருவதற்குள் கைப்பேசி அடித்தது.

"ரத்த அழுத்தம் எவ்வளவு?" என்று கிசுகிசுத்தார் மெக்கானிக்.

"யாருக்கு?"

"எனக்குத்தான், வேற யாருக்கு! சீக்கிரம் சொல்லு, அந்தம்மா வந்துடும்."

சொன்னாள். ஒருவழியாகப் படிவம் நிரம்பியது. நர்ஸ் இரண்டு பக்கமும் படித்துவிட்டு, வேறு வழியில்லாமல் 'வகுப்பு தேவையில்லை' என்று முத்திரை குத்தினாள். மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பாத்தியா? யார் தயவும் இல்லாம பாஸ் பண்ணிட்டேன்!" என்று கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி கத்தினார்.

"டோக்கன் அறுபத்திரண்டு!" என்று டாக்டர் அறை வாசலில் நின்ற காவலாளி கூப்பிட்டார்.

மெக்கானிக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க உக்காருங்க சார். இன்னிக்கு நோயாளி அம்மாதான். மூணு வாரமா தலை சுத்துதுன்னு சீட்டுல எழுதியிருக்கே, வீட்ல யாருமே கவனிக்கலியா?"